சான்று தேவை என்கிறார்கள், சான்றோ பூட்டிக் கிடக்கிறது!



உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். "நம் தாத்தா காலத்தில் தோட்டத்தில் என்ன நடந்தது என்று தேடிக் கொடு" எனக் கேளுங்கள். பிள்ளை நூலகத்துக்குப் போகாது. உங்களிடமும் கேட்காது. கைப்பேசியைத் தட்டும். முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விக்கிப்பீடியா பக்கமாகத்தான் இருக்கும். அதில் இருப்பதுதான் அந்தப் பிள்ளைக்கு வரலாறு. அதில் இல்லாதது நடக்கவே இல்லை!

இதைச் சரி என்று நான் சொல்லவில்லை. நிலைமை இதுதான் என்கிறேன். நிலைமையை மறுத்துக்கொண்டே இருந்தால், இந்த நாட்டில் நாம் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்த கதை நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். என் தாத்தா கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலை நிறுத்தத்தில் கலந்துகொண்டவர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் பெயரைச் சாகும்வரை மரியாதையோடு சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் போராட்டத்தில் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இல்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் இருந்தன. இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது. முடிவு என்ன ஆயிற்று என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐவர் மாண்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ் விக்கிப்பீடியாவில் இந்தச் சைக்கிள் செய்தியை ஒரே ஒரு வரியாக எழுதினேன். சில நாட்களில் அந்த வரியின் பின்னால் ஒரு சிறு குறிப்பு முளைத்தது: "சான்று தேவை".

கோபம் வந்தது. எங்கள் தாத்தா சொன்னது சான்று இல்லையா என்று கேட்கத் தோன்றியது. ஆறப் போட்டு யோசித்தபோது, குறிப்பு வைத்தவர் செய்தது சரிதான் என்று புரிந்தது. கலைக்களஞ்சியத்தில் எழுதுவதை யாரும் எங்கும் சரிபார்க்க முடிய வேண்டும். தாத்தா சொன்னதை எழுத இடம் கொடுத்தால், தோட்ட முதலாளியின் பேரன் தன் தாத்தா சொன்னதையும் எழுதுவான். ஆகவே அச்சான சான்றைத் தேடிப் புறப்பட்டேன்.

ஒரு நூலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். இது ஓர் அலுவலகத்தின் குறை மட்டுமல்ல. அங்கிருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆய்வாளர் என்பதற்குக் கடிதம் இருக்கிறதா? இல்லை. எந்த இதழ், எந்தத் தேதி, எந்தப் பக்கம்? அதைத் தெரிந்துகொள்ளத்தானே வந்திருக்கிறேன்! பட்டியலில் தமிழ் இதழ்களின் பெயர்கள் ரோமன் எழுத்தில் இருந்தன. அதுவும் ஒரே இதழுக்கு மூன்று விதமான எழுத்துக்கூட்டல். தமிழ் படிக்கத் தெரிந்த ஊழியர் அந்தப் பிரிவில் இல்லை. நுண்படச் சுருளைப் பார்க்கும் கருவி பழுது. இரண்டு நாள் விடுப்பு எடுத்துப் போனவன் வெறுங்கையோடு திரும்பினேன்.

கடைசியில் சான்று கிடைத்தது. எங்கே தெரியுமா? ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஓர் ஆய்வு நூலில். அந்த ஆய்வாளர் அதை எடுத்தது லண்டனில் இருக்கும் காலனித்துவ அலுவலகக் கோப்பிலிருந்து. அதாவது, என் தாத்தா சைக்கிளை விட்டு இறங்க மறுத்தார் என்பதற்கு, அவரை இறங்கச் சொன்னவர்களின் கோப்பே சாட்சி! அதே வாரங்களில் இந்த நாட்டில் தமிழ் இதழ்கள் வெளிவந்துகொண்டிருந்தன. அவை என்ன எழுதின? நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது, நண்பர்களே. விக்கிப்பீடியா நம்மைத் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. எது எட்டும் தூரத்தில் இருக்கிறதோ அதை மேற்கோளாக ஏற்கிறது. துரைமார்களின் அறிக்கைகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. நம் இதழ்கள் பூட்டின் பின்னால் இருக்கின்றன. இப்படியே விட்டால் நம் வரலாறு துரையின் கண்ணால் பார்த்ததாகவே எழுதப்படும். யாரும் பொய் சொல்லத் தேவையே இல்லை. நூலகம் சும்மா இருந்தால் போதும்.

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாகப் பராமரிக்கப்படுகின்றன. கைதிகளின் நாட்குறிப்புகளையும் படங்களையும் அவரவர் நாட்டு நூலகங்களும் காப்பகங்களும் போற்றி வைத்திருக்கின்றன. 1957-லேயே உலகம் முழுவதும் ஓடிய ஆங்கிலப் படமும் வந்துவிட்டது. ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் மாண்டார்கள்? 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் எங்கே? கைதிக்குப் பெயர் இருக்கிறது. நம்மவருக்கு "வரை இருக்கலாம்" இருக்கிறது! உயிர் ஒன்றுதான். பதிவுதான் வேறு.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இது முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்குச் சில செய்திகள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகர்கள் 2006-லேயே தங்கள் மின்படச் சேகரிப்புகளை விக்கிப்பீடியா கட்டுரைகளோடு இணைக்கத் தொடங்கினார்கள். வாசகர் நம் தளத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வாசகர் இருக்கும் இடத்துக்கு நூலகம் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தக் கட்டுரைகள் வழியாக வாசகர்கள் தங்கள் சேகரிப்புக்கு வந்ததைக் கண்டு, 2007-ல் அந்த அனுபவத்தை மற்ற நூலகங்களும் பின்பற்றும்படி எழுதினார்கள்.

ஜெர்மனியின் கூட்டரசு ஆவணக் காப்பகம் 2008-ல் 80,000-க்கு மேற்பட்ட படங்களை விக்கிமீடியாவின் பொதுவகத்துக்குத் திறந்துவிட்டது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2010-ல் விக்கிப்பீடியர் ஒருவரை உள்ளேயே அமர்த்தி வேலை செய்ய வைத்தது. 2016 ஜனவரியில், விக்கிப்பீடியாவின் 15-ஆவது பிறந்தநாளையொட்டி, "ஒரு நூலகர், ஒரு மேற்கோள்" என்ற இயக்கம் தொடங்கியது. உலகில் உள்ள ஒவ்வொரு நூலகரும் ஒரே ஒரு மேற்கோளைச் சேர்த்தால் போதும் என்பதே அதன் வேண்டுகோள். ஒரே ஒரு மேற்கோள்!

"அவை பெரிய நாடுகள், பெரிய மொழிகள்" என்பீர்கள். அப்படியானால் வேல்ஸ் நாட்டைப் பாருங்கள். ஆங்கிலத்தின் நிழலில் வாழும் சிறுபான்மை மொழி வேல்ஸ் மொழி. அங்கே தேசிய நூலகம் 2015-ல் விக்கிப்பீடியர் ஒருவரை வேலைக்கு அமர்த்தியது. தன் சேகரிப்பிலிருந்து ஆயிரக்கணக்கான படங்களைப் பொதுவில் வைத்தது. சிறுபான்மை மொழி என்றால் அடக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

இன்னொன்று நம்மை உறுத்த வேண்டிய செய்தி. ஆம்ஸ்டர்டாமில் உள்ள டிரோப்பன் அருங்காட்சியகம் 2009-ல் இந்தோனேசியா பற்றிய பல்லாயிரம் பழைய படங்களை விக்கிமீடியாவுக்கு வழங்கியது. டச்சுக்காரர் ஆண்ட காலத்தின் தோட்டங்களும் தொழிலாளர்களும் அவற்றில் இருக்கிறார்கள். சுமத்திராவின் டெலி புகையிலைத் தோட்டங்களில் தமிழர்களும் கூலி வேலை செய்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். ஆண்டவனின் அருங்காட்சியகம் கதவைத் திறக்கிறது. உழைத்தவனின் நாட்டு நூலகம் "கடிதம் இருக்கிறதா?" என்று கேட்கிறது!

தமிழர்களுக்குள்ளேயே முன்மாதிரி இருக்கிறது. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தக் காயத்தைச் சுமந்த சமூகம் 2005-ல் நூலகம் திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்களின் உழைப்பால் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை எவரும் எங்கிருந்தும் படிக்கலாம். பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். தேசிய நூலக வாரியம் தமிழ் முரசின் பழைய இதழ்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. 2015-ல் சமூகமும் நூலக வாரியமும் சேர்ந்து, 50 ஆண்டுக் காலச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்மயமாக்கின. பாராட்டுவோம். ஆனால் சிங்கப்பூர் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: மின்மயமாக்கியதோடு வேலை முடியவில்லை. தனித் தளத்தில் இருக்கும் இதழ், அதைத் தேடத் தெரிந்தவனுக்கு மட்டுமே உதவும். 1887-ல் தொடங்கிய சிங்கை நேசன் பற்றியும், கோ. சாரங்கபாணி நடத்திய சீர்திருத்தப் பணி பற்றியும் கலைக்களஞ்சியத்தில் எழுதும்போது, இன்ன இதழ், இன்ன தேதி, இன்ன பக்கம் என்று அடிக்குறிப்பு இட வேண்டும். அப்போதுதான் தேடத் தெரியாத பிள்ளைக்கும் அந்த இதழ் போய்ச் சேரும்.

சாக்குகளும் பதில்களும்

"விக்கிப்பீடியாவை யார் வேண்டுமானாலும் மாற்றலாமே, நம்ப முடியுமா?" மாற்றலாம். அதனால்தான் நூலகர் வர வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் அங்கே வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. தவறை மீட்டெடுக்கலாம், பேச்சுப் பக்கத்தில் வாதாடலாம். எது நல்ல சான்று, எது வதந்தி என்று பிரித்துப் பார்க்கப் பயிற்சி பெற்றவர் நூலகர். அவர் வெளியே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டால் உள்ளே வதந்திதான் வளரும்.

"பதிப்புரிமைச் சிக்கல் வரும்." மலேசியாவில் எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுகள், சிங்கப்பூரில் 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. உண்மைதான். உரிமை முடியாத நூலைப் பதிவேற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இதழின் பெயர், தேதி, பக்க எண், அதில் உள்ள செய்தியின் சாரம் ஆகியவற்றை மேற்கோளாகக் கொடுப்பது எந்தச் சட்டத்தையும் மீறாது. காலம் கடந்தவற்றை மட்டும் படமெடுத்துப் பொதுவகத்திலும் விக்கிமூலத்திலும் வைக்கலாம்.

"தன் நிறுவனத்தையே விளம்பரம் செய்வதாகாதா?" கட்டுரைக்குக் கட்டுரை தன் தளத்தின் இணைப்பை மட்டும் ஒட்டிக்கொண்டு போனால் அது விளம்பரம்தான். விக்கிப்பீடியர்கள் நீக்குவார்கள், நீக்கவும் வேண்டும். தான் எந்த நூலகத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பயனர் பக்கத்தில் சொல்லிவிட்டு, தகவலையும் சான்றையும் சேர்த்தால் வரவேற்பார்கள்.

"தமிழ் தெரிந்த ஊழியர் இல்லை." இதுதான் உண்மையான காரணம்! இது தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல, உரிமைப் பிரச்சினை. 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி இந்நாட்டில் அச்சாகும் தமிழ் நூல்களும் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சட்டம் போட்டு வாங்கி வைக்கிறீர்கள். அதைப் படித்துப் பட்டியலிட ஆள் வைக்கவில்லை என்றால் அது நூலகமா, கிடங்கா? நம் வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்தில் நம் மொழி தெரிந்த நூலகர் வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல.

நம் வீட்டுக் குப்பையையும் பார்ப்போம்

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. ஏறத்தாழ 95 ஆண்டுகள்! நாம் என்ன செய்தோம்? "அடடா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம். 1957-ல் இந்நாட்டில் 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-ஐச் சற்றே தாண்டி நிற்கின்றன. மூடப்பட்ட பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், ஆண்டு விழா மலர்கள், வகுப்புப் படங்கள் எங்கே போயின? தோட்டம் விற்கப்பட்டது, லயங்கள் இடிக்கப்பட்டன, பள்ளி மூடப்பட்டது, அலமாரியைக் கறையான் அரித்தது. இதற்குத் தீ வைக்க யாரும் வரவில்லை. நாமே விட்டுவிட்டோம்.

கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் வெளியிட்ட நினைவு மலர்கள் எத்தனை எத்தனை! தோட்டத்தின் பெயர், முதலில் வந்த குடும்பங்கள், கோயில் எழுந்த ஆண்டு, பள்ளி தொடங்கிய ஆண்டு எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. நம் பெரியவர்கள் அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, "என் காலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு பழைய காகிதக்காரன்தான் பார்த்துக்கொள்கிறான்!

இன்னொரு நோயும் நம்மிடம் உண்டு. விக்கிப்பீடியாவில் எழுதலாம் என்றதும் சிலர் தங்கள் தலைவருக்கு மாலை போடப் புறப்பட்டுவிடுகிறார்கள். "சமுதாயக் காவலர்", "செம்மல்" என்று பட்டங்களை அடுக்குகிறார்கள். அது நிற்காது, நிற்கவும் கூடாது. தலைவரின் பொன்னாடைப் படத்தை விட, 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எந்தத் தோட்டத்தை எந்த ஆண்டு வாங்கியது என்ற ஒரு வரி, சான்றோடு எழுதப்பட்டால், ஆயிரம் மடங்கு பயன் தரும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும் இவை:

1. பொது நூலகங்களும் பல்கலைக்கழக நூலகங்களும் தங்களிடம் உள்ள தமிழ் இதழ்கள், நுண்படச் சுருள்கள், மலர்கள் அனைத்தின் பட்டியலையும் தமிழ் எழுத்தில் வெளியிட வேண்டும். இதழின் பெயர், இருக்கும் ஆண்டுகள், விடுபட்ட மாதங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

2. விடுதலைக்கு முந்திய தமிழ் இதழ்களை முதலில் மின்மயமாக்க வேண்டும். அந்தக் காகிதம்தான் முதலில் பொடியும்.

3. தமிழ்ச் சேகரிப்பு உள்ள ஒவ்வொரு நூலகத்திலும் தமிழ் தெரிந்த நூலகர் ஒருவராவது வேண்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் தமிழ், மலாய், ஆங்கில விக்கிப்பீடியாக்களில் மேற்கோள் சேர்ப்பது அவருடைய வேலை நேரத்திலேயே அடங்க வேண்டும். மலாய் மொழியில் எழுதுவதை மறக்காதீர்கள். நம் கதை நமக்கு மட்டும் தெரிந்தால் போதாது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிய வேண்டும்.

4. கடிதம் கேட்காமல் பொதுமக்களுக்கும் பழைய இதழ்களைப் பார்க்க அனுமதி வேண்டும். கூலிக்காரன் பேரனுக்குத் தன் தாத்தாவைப் பற்றிப் படிக்கப் பேராசிரியர் சிபாரிசு எதற்கு?

5. நீங்கள் ஆசிரியராக இருந்தால், பள்ளி மலரைப் படமெடுத்து வையுங்கள். கோயில் செயலவையில் இருந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆசிரியரின் பெயர், ஆண்டு, அச்சகம், பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மலரை நூலகத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிறகு விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து ஒரு வரி எழுதி, அதன் கீழே சான்றைப் போடுங்கள். ஒரே ஒரு வரி.

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. சம்பளம் வாங்காத சில நூறு பேர் இரவு கண்விழித்து எழுதிய சாதனை அது. அவர்களில் மலேசியத் தமிழர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கணினி இருந்தது, ஆர்வம் இருந்தது, மொழி இருந்தது. அலமாரியின் சாவி மட்டும் இல்லை. சாவி வைத்திருப்பவர்கள் வந்து சேரட்டும் என்பதுதான் நம் கோரிக்கை. நூலகரே, உங்களைத்தான் கூப்பிடுகிறோம். நீங்கள் நம் எதிரி அல்ல. உங்கள் மேசைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சுருள்களில் எங்கள் பாட்டன்மார் இருக்கிறார்கள். அவர்களை வெளியே விடுங்கள்.

என் அந்த ஒரு வரி இப்போது சான்றோடு நிற்கிறது. சான்று வெள்ளைக்காரனின் கோப்பிலிருந்து வந்தது என்பது இன்னும் எனக்கு உறுத்தல்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு தமிழ் இதழின் தேதியும் பக்க எண்ணும் இரண்டாவது மேற்கோளாக ஏறும் நாள்வரை நூலகப் படியை நான் ஏறிக்கொண்டுதான் இருப்பேன். 1941-ல் எங்கள் தாத்தா சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்றார். நாம் இந்தக் கோரிக்கையை விட்டு இறங்க வேண்டாம்.

இந்த வாரமே உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். தமிழ் இதழ் கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். கேட்காத சமூகத்துக்கு எதுவும் கிடைத்ததில்லை!